கிம்ப் 3.0: படங்களுக்கு அலங்காரச் சட்டம் அமைப்பவரின் பார்வையில்

புகைப்படத்தைச் சுற்றி அலங்காரச் சட்டம் அமைப்பதற்கென்றே, படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளில் தனிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஃபில்டர்ஸ் என்னும் தலைப்பின் கீழ் டெக்கர் என்ற பெயரில் அதைக் காணலாம். சட்டம் போட வேண்டும் என்ற நினைப்போடு இம்மென்பொருளைத் திறப்பவர்கள் நேராக அங்கேதான் போகிறார்கள். அங்கே கிடைப்பதைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று மூடி வைப்பவர்களும் உண்டு. அந்தப் பட்டியலை மட்டும் வைத்து கிம்ப்பை எடைபோடுவது சரியாகாது என்பது என் கருத்து. ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டங்களில் பாதிக்கு மேல் இன்றைய படங்களுக்குப் பொருந்தாதவை. ஆனால் தேர்வுக் கருவிகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்களான லேயர்கள், தேர்ந்தெடுத்த பகுதியின் எல்லையைத் தீட்டித் திருத்த உதவும் விரைவு மாஸ்க் ஆகியவற்றைக் கொண்டு நாமே சட்டம் அமைக்க முற்பட்டால், கட்டண மென்பொருள்களுக்கு இணையான தரத்தில் வேலை செய்ய முடிகிறது. இந்த மதிப்புரை அந்த இரண்டு பக்கங்களையும் பற்றியது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995இல் தொடங்கி 1996இல் வெளியிட்ட மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வணிக வேலைகளுக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. 2.10 பதிப்பு 2018 ஏப்ரலில் வந்தது. அதற்கடுத்த பெரிய பதிப்பான 3.0 வருவதற்கு 2025 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்புக்குப் பலன் இருந்ததா என்பதைச் சட்டம் அமைக்கும் வேலையை மட்டும் முன்னிறுத்திப் பார்க்கிறேன்.

முதலில் டெக்கர் பட்டியல். அதில் ஆட் பார்டர் என்பதுதான் அடிப்படையானது. படத்தின் நான்கு பக்கங்களிலும் வண்ணக் கரை ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் சற்றே வெவ்வேறு அளவு வெளிச்சம் கொடுத்து, மூலைகளைக் குறுக்காக இணைத்துக் காட்டுகிறது. அதனால் தட்டையான கரை, சரிவாகச் செதுக்கிய சட்டம் போலத் தோன்றும். கரையின் அகலம் இயல்பாக 12 பிக்ஸல், நிறம் நீலம். இந்த 12 என்ற எண்ணில்தான் சிக்கல் தொடங்குகிறது. 640 பிக்ஸல் அகலப் படங்கள் திரையை நிறைத்த காலத்தில் 12 பிக்ஸல் என்பது கண்ணுக்குத் தெரியும் கரை. இன்று கைபேசியில் எடுக்கும் 4000க்கு 3000 பிக்ஸல் படத்தில் அது ஒரு கோடு அளவுக்குக்கூட நிற்பதில்லை. அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்ற கணக்கில் அச்சிட்டால் ஒரு மில்லிமீட்டர்தான் வரும். ஃபஸி பார்டர் 16 பிக்ஸல், ஓல்ட் போட்டோ 20 பிக்ஸல், ரவுண்ட் கார்னர்ஸின் மூலை வளைவு 15 பிக்ஸல் என்று எல்லாவற்றிலும் இதே கதைதான். எண்களை மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் புதிதாக வருபவருக்கு எதை எவ்வளவு மாற்றுவது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. படத்தின் குறுகிய பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் கரையாக வைத்துத் தொடங்குங்கள் என்பது என் பரிந்துரை. 3000 பிக்ஸல் உயரமுள்ள படத்துக்கு அது 150 பிக்ஸல் ஆகும். அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆட் பார்டரில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மாற்றும் வசதி அதில் இல்லை. மாலை நேரத்தில் வலப்புறச் சன்னல் வெளிச்சத்தில் எடுத்த முகத்துக்கு, வேறொரு திசையிலிருந்து ஒளி விழுவது போன்ற சட்டத்தை மாட்டினால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே ஏதோ உறுத்தும். சட்டமும் படமும் ஒரே அறையில் இருப்பதாகக் கண் நம்ப வேண்டும். இந்த ஒரு விதியை நான் மற்ற எல்லா அலங்காரங்களுக்கும் மேலாக வைக்கிறேன்.

ஃபஸி பார்டர் இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது. படத்தின் ஓரத்தைச் சிறு சிறு பிசிறுகளாக உடைத்து, தேர்ந்தெடுத்த நிறத்துக்குள் கரைத்துவிடுகிறது. கிரானுலாரிட்டி என்னும் அளவைக் கூட்டினால் பிசிறு பெரிதாகும். குழந்தைப் படங்களுக்கும் மழைநாள் காட்சிகளுக்கும் வெள்ளைக் கரையோடு இதைப் போட்டால் நன்றாக இருக்கிறது. அதிலேயே உள்ள நிழல் சேர்க்கும் வசதியை மட்டும் பயன்படுத்தாதீர்கள், அது ஓரத்தை அழுக்காக்குகிறது. ரவுண்ட் கார்னர்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஓல்ட் போட்டோ படத்தை மங்கலாக்கிப் பழுப்பேற்றுகிறது. உண்மையிலேயே பழைய படம் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பழமை போலியாகத்தான் தெரியும். காபிக் கறை போடும் ஃபில்டரைச் சட்டம் என்று சொல்ல முடியாது. ஸ்டென்சில் கார்வ், ஸ்டென்சில் குரோம் இரண்டும் சாம்பல் நிறப் படங்களில் மட்டுமே இயங்குபவை. எழுத்துகளுக்கு உதவலாம், சட்டத்துக்குத் தேவைப்படாது.

ஸ்லைடு என்ற ஃபில்டரைப் பயன்படுத்துவதற்கு முன் கவனம் வேண்டும். படத்தை ஃபிலிம் துண்டு போல, ஓரத்தில் துளைகளும் எண்ணும் எழுத்தும் வைத்துக் காட்டுவது இது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் படப்பரப்பு 36க்கு 24 என்பதால், நம் படத்தையும் ஒன்றரைக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு வெட்டிவிடுகிறது. கைபேசிப் படங்கள் பெரும்பாலும் நான்குக்கு மூன்று விகிதத்தில் இருப்பவை. ஆகவே குழுவாக எடுத்த படமாக இருந்தால், பின்வரிசையில் நிற்பவரின் தலையோ முன்வரிசையில் அமர்ந்தவரின் காலோ போய்விடலாம். முதலில் நாமே மூன்றுக்கு இரண்டு விகிதத்தில் வெட்டி, எது போகிறது என்று பார்த்துவிட்டு இந்த ஃபில்டருக்குப் போவது நல்லது.

3.0 பதிப்பின் பெரிய மாற்றம், ஃபில்டர்களைப் பிறகு திருத்திக்கொள்ள முடிவது. நிழல், மங்கல், சரிவு போன்றவற்றை ஒரு லேயரில் போட்டால், அந்த லேயரின் வரிசையில் ஒரு சிறு குறி தோன்றுகிறது; அதைத் தொட்டு எப்போது வேண்டுமானாலும் எண்களை மாற்றலாம், தற்காலிகமாக மறைக்கலாம், நீக்கலாம். சட்டம் அமைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் செய்து பார்த்தவர்கள்தான் அறிவார்கள். நிழல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது சட்டம் முழுவதும் முடிந்த பிறகே தெரியும். முன்பெல்லாம் அதற்காகப் பல படிகள் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது. ஆனால் வருந்தத்தக்க ஒன்று, டெக்கர் பட்டியலில் உள்ளவை இந்த வசதிக்குள் வரவில்லை. அவை ஸ்க்ரிப்ட்-ஃபூ என்னும் நிரல்களாக எழுதப்பட்டவை. ஒருமுறை இயக்கினால் முடிந்தது; கரை பிடிக்கவில்லையென்றால் செயலை நீக்கிவிட்டு, எண்களை மாற்றி மறுபடியும் இயக்க வேண்டும். யாருக்காக இந்தப் பட்டியல் இருக்கிறதோ அவர்களுக்கே புதிய வசதி கிடைக்காமல் போயிருக்கிறது.

இனி நாமே அமைப்பதைப் பற்றி. எளிதான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் பலவற்றுக்கு ஓரம் நெளிநெளியாக வெட்டப்பட்டிருக்கும். படத்தைச் சுற்றி வெள்ளைக் கரையும், அதன் வெளிவிளிம்பில் அந்த நெளிவும் இருக்கும். அதைக் கிம்ப்பில் துல்லியமாகக் கொண்டுவர முடியும். படம் அமர்ந்திருக்கும் பரப்பான கான்வாஸைப் பெரிதாக்கி வெள்ளைக் கரை சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே லேயராக்குங்கள். அழித்த இடம் வெற்றிடமாக நிற்க உதவும் ஆல்ஃபா சானலை அந்த லேயரில் சேர்த்துக்கொண்டு, செவ்வகத் தேர்வுக் கருவியால் வெள்ளைக் கரையின் வெளிவிளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தேர்வு செய்யுங்கள். ஷிஃப்ட்டையும் க்யூ விசையையும் சேர்த்து அழுத்தினால் விரைவு மாஸ்க் வரும்; தேர்வுக்கு வெளியே உள்ள பகுதி சிவப்பாகத் தெரியும். இப்போது டிஸ்டார்ட்ஸ் பட்டியலில் உள்ள ரிப்பிள் ஃபில்டரை, கோணம் 0 வைத்து ஒரு முறையும், 90 வைத்து ஒரு முறையும் இயக்க வேண்டும். முதலாவது மேல் கீழ் விளிம்புகளை நெளிக்கும்; இரண்டாவது இடது வலது விளிம்புகளை நெளிக்கும். 1800க்கு 1200 பிக்ஸல் படத்துக்கு அலையின் உயரம் 4, நீளம் 30 என்பது பொருத்தமாக இருக்கும். மீண்டும் ஷிஃப்ட், க்யூ அழுத்தித் தேர்வுக்குத் திரும்பி, தேர்வைத் தலைகீழாக்கி, வெளிப்பகுதியை அழித்துவிட்டு, கீழே வேறொரு நிற லேயர் வைத்து நிழல் சேர்த்தால், ஆல்பத்தின் கறுப்புத் தாளில் ஒட்டிய படம் போலவே வந்துவிடும்.

இதே வழியில் ரிப்பிளுக்குப் பதிலாக ஸ்பிரெட் ஃபில்டரைப் போட்டால் மணல் சிதறியது போன்ற ஓரம் கிடைக்கும். மாஸ்க்கின் மேல் தூரிகையால் கையாலேயே தீட்டினால் வண்ணப் பூச்சு ஓரம் கிடைக்கும். விரைவு மாஸ்க் என்ற ஒன்றைப் பழகிக்கொண்டவருக்கு டெக்கர் பட்டியலே தேவைப்படாது என்று துணிந்து சொல்வேன்.

மரச்சட்டம்தான் பலரும் விரும்புவது, பலரும் கெடுப்பதும் அதுதான். கிம்ப்போடு பைன், வுட் போன்ற பெயர்களில் மர வடிவங்கள் வருகின்றன. கரைப் பகுதியைத் தேர்வு செய்து, அந்த வடிவத்தை ஒரேயடியாக ஊற்றி நிரப்பிவிட்டால், நான்கு பக்கங்களிலும் மரத்தின் ரேகை ஒரே திசையில் ஓடும். எந்தத் தச்சரும் அப்படிச் சட்டம் செய்வதில்லை. ஒவ்வொரு ரீப்பரிலும் ரேகை அதன் நீளவாக்கில் ஓடி, மூலையில் 45 பாகைக் கோணத்தில் வெட்டப்பட்டு இணைந்திருக்கும். அந்த இணைப்புக் கோடுதான் சட்டத்தை நம்ப வைக்கிறது. ஆகவே நான்கு பக்கங்களுக்கும் நான்கு லேயர்கள் வையுங்கள். மேல் பக்கத்தை நிரப்பி, அதைப் பிரதியெடுத்துக் கீழே வைத்து, 90 பாகை திருப்பிய இன்னும் இரண்டைப் பக்கவாட்டில் வைத்து, விரும்பிய வடிவில் கோடு வரைந்து தேர்வு செய்யும் ஃப்ரீ செலக்ட் கருவியால் மூலைகளைக் குறுக்காக வெட்டுங்கள். வெட்டும் கோடு சரியாக விழ வழிகாட்டிக் கோடுகளை முன்பே இட்டுக்கொண்டால் சிரமம் இல்லை. பிரதியெடுத்த பக்கத்தை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே கணு ஒரே இடத்தில் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கிம்ப்போடு வரும் மர வடிவங்கள் அளவில் சிறியவை என்பதால், பெரிய படங்களில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடுகிறது. வீட்டில் உள்ள தேக்குக் கதவையோ பழைய அலமாரியையோ பகல் வெளிச்சத்தில் நேராக நின்று படமெடுத்துப் பயன்படுத்தினால் தரம் பல மடங்கு உயரும்.

நான்கு பக்கங்களும் தயாரானதும் ஒளியின் திசையைப் பாருங்கள். படத்தில் ஒளி இடப்புறம் மேலிருந்து வந்தால், சட்டத்தின் மேல், இடப் பக்கங்கள் சற்று வெளிச்சமாகவும், கீழ், வலப் பக்கங்கள் சற்று இருண்டும் இருக்க வேண்டும். நான்கும் தனித்தனி லேயர்களாக இருப்பதால் இது எளிது. பிறகு நான்கையும் ஒன்றாக்கி, டிராப் ஷேடோ ஃபில்டரைப் போட்டால், சட்டத்தின் நிழல் நடுவில் உள்ள வெற்றிடத்தின் வழியே படத்தின் மேல் விழும்; படம் சட்டத்துக்குள் உள்வாங்கி இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். 200 பிக்ஸல் அகலச் சட்டத்துக்கு, 15 பிக்ஸல் விலகலும் 25 பிக்ஸல் மங்கலும் நூற்றுக்கு நாற்பது அடர்த்தியும் போதும். நிழலைக் கறுப்பாக வைக்காமல், படத்தின் இருண்ட பகுதியிலிருந்து எடுத்த அடர் பழுப்பிலோ அடர் நீலத்திலோ வைத்தால் இன்னும் இயல்பாக இருக்கும். புதிய பதிப்பில் சேர்ந்துள்ள பெவல் ஃபில்டர், விளிம்புக்கு உருட்டிச் செதுக்கிய தோற்றம் தருவதற்கு உதவுகிறது.

சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே வெளிர் நிறத்தில் ஓர் அட்டை வைப்பது கண்ணாடி போடும் கடைகளின் வழக்கம். கணினியில் சட்டம் செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கருநிற மரம் நேராகப் படத்தைத் தொட்டால் படம் மூச்சுமுட்டி நிற்கும். இடையில் ஒரு வெண்பழுப்புப் பட்டை வைத்து, அதன் கீழ்ப்பகுதியை மற்ற மூன்று பக்கங்களையும்விடச் சிறிது அகலமாக்கினால், படம் கீழே சரிவது போன்ற தோற்றம் நீங்கும்.

எனக்கு மிகவும் நிறைவு தந்த சட்டம் சேலைக் கரையிலிருந்து செய்தது. காஞ்சிபுரம் பட்டின் கோபுரக் கரையில் முக்கோணங்கள் ஒரே சீராக அடுக்கி வரும். அதில் ஒரே ஒரு முக்கோணத்தை, முன்னும் பின்னும் பொருந்துமாறு வெட்டியெடுத்து, எடிட் பட்டியலில் பேஸ்ட் ஆஸ் என்பதன் கீழ் உள்ள நியூ பேட்டர்ன் வழியாகச் சேமித்துவிட்டால், அது நிரப்பும் வடிவங்களில் ஒன்றாகிவிடுகிறது. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 8க்கு 12 அங்குலப் படம் 300 பிக்ஸல் கணக்கில் 2400க்கு 3600 ஆகும். வடிவத்தின் அகலத்தை 200 பிக்ஸலாக வைத்தால், மூலைகளுக்கு நான்கு சதுரங்கள் போக, குறுகிய பக்கத்தில் 10 முக்கோணமும் நீண்ட பக்கத்தில் 16 முக்கோணமும் மிச்சமின்றி அமையும். எண்ணைத் தோராயமாக எடுத்தால் ஏதோ ஒரு மூலையில் அரை முக்கோணம் நிற்கும்; சட்டம் முழுவதையும் அது கெடுத்துவிடும். மூலைச் சதுரங்களுக்கு அதே சேலையின் புட்டா ஒன்றை வைக்கலாம். பட்டுச் சரிகையின் மின்னல் படத்தில் திட்டுத்திட்டாக விழும் என்பதால், நிழலான இடத்தில் சேலையை விரித்துப் படமெடுப்பது முக்கியம். திருமணப் படத்துக்கு அந்த மணப்பெண்ணின் சேலைக் கரையே சட்டமாக அமைவதைப் போன்ற அலங்காரம் எந்த ஆயத்தத் தொகுப்பிலும் கிடைக்காது.

மறைந்த பெரியவர்களின் படங்களுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொன்னிறச் சுருள்களும் மினுமினுப்பும் ரோஜாக் கொத்துகளும் நிறைந்த ஆயத்தச் சட்டங்களுக்கு நடுவே முகம் சிறுத்துப் போவதை அடிக்கடி பார்க்கிறோம். வெள்ளை அட்டையும் மெல்லிய கறுப்புச் சட்டமும் போதும். பார்ப்பவரின் கண் முகத்தில் நிற்க வேண்டும்.

படத்தின் கீழே பெயரோ நாளோ எழுத விரும்புபவர்களுக்கு நல்ல செய்தி: கிம்ப்பில் ஒருங்குறித் தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றன. கொம்புகள் இடம் மாறுவதோ புள்ளிகள் விலகுவதோ இல்லை. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் இதற்கென எழுத்து அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. பல ஸ்டூடியோக்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். போலராய்டு வகைச் சட்டத்தில் எழுதுவது அழகாக இருக்கும். அதன் உண்மை அளவு அகலம் 88, உயரம் 107 மில்லிமீட்டர். படப்பகுதி 79க்கு 79. இந்த விகிதத்தை அப்படியே வைத்தால் மட்டுமே அது போலராய்டாகத் தெரியும். ஆயத்தமாகக் கிடைக்கும் பல போலிகளில் கீழ் வெள்ளைப் பகுதி குறைவாக இருப்பதைப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் கையால் செய்ய நேரமில்லாதவர்கள் ஜிமிக் என்னும் இணைப்பு நிரலைச் சேர்த்துக்கொள்ளலாம். பிரான்ஸின் கான் (Caen) நகரத்தில் உள்ள கிரேக் ஆய்வகத்தில் 2008 முதல் வளர்ந்துவரும் இது, கட்டணமின்றிக் கிடைக்கிறது. இதில் சட்டங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஓவியச் சட்டம், வட்டச் சட்டம், போலராய்டு எனப் பலவும் உண்டு. ஓவியச் சட்டத்தின் அளவைப் பிக்ஸலில் கேட்காமல் விழுக்காட்டில் கேட்பதால் சிறிய படத்துக்கும் பெரிய படத்துக்கும் ஒரே எண் பொருந்துகிறது. டெக்கர் பட்டியலைத் திருத்தி எழுதும் எண்ணம் கிம்ப் குழுவினருக்கு இருந்தால், முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரு பழக்கத்தைத்தான்.

போட்டோஷாப்போடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. அதன் லேயர் ஸ்டைல்கள் நிழல், சரிவு, கோடு மூன்றையும் ஒரே பலகையில் தருகின்றன. அந்த வசதியில் கிம்ப் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. ஆனால் அங்கே ஆயத்தமாக வரும் மரச்சட்டமும் 50 பிக்ஸல் அகலத்துக்கு எழுதப்பட்டதுதான். பெரிய படங்களில் அதுவும் கம்பியாக மெலிந்துவிடுகிறது. சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடியும் என்ற நிலையில், சொந்தப் படங்களுக்குச் சட்டம் போட மட்டும் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றாடம் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்களின் தேவை வேறு. அவர்கள் வாங்கி வைத்திருக்கும் ஆயத்த வடிவமைப்புகள் போட்டோஷாப் கோப்புகளாக இருப்பதால், கிம்ப்பில் திறக்கும்போது சில விளைவுகள் மாறிப்போகலாம்.

பழைய பதிப்பிலிருந்து மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2.10 பதிப்புக்கு எழுதப்பட்ட இணைப்பு நிரல்கள் 3.0 பதிப்பில் அப்படியே ஓடுவதில்லை. சட்டம் போடும் நிரல் எதையாவது நம்பியிருந்தால், அதன் புதிய வடிவம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு மாறுங்கள்.

வேலை முடிந்ததும் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகக் கட்டாயம் சேமிக்க வேண்டும். லேயர்களும் ஃபில்டர் எண்களும் அதில்தான் நிற்கும். வேறு படங்களுக்கும் பயன்படுத்த வெறும் சட்டத்தை மட்டும் எடுத்து வைப்பதானால் பிஎன்ஜி வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் கோப்பில் நடுவெற்றிடம் நிறத்தால் நிரம்பிவிடும். அச்சுக்குக் கொடுக்கும்போது, படம் அச்சிடும் லேபில் ஓரம் சிறிது வெட்டுப்படும் என்பதைக் கணக்கில் வைத்து, முக்கியமான கோலமோ எழுத்தோ விளிம்பை ஒட்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே படத்துக்கு மறுபடியும் மரச்சட்டமும் கண்ணாடியும் போடப் போகிறீர்கள் என்றால், உண்மைச் சட்டத்தின் உதடு போன்ற உள்விளிம்பு நான்கு பக்கங்களிலும் சில மில்லிமீட்டரை மறைத்துவிடும். எனவே நீங்கள் வரைந்த கரைக்கு வெளியே சுமார் ஒரு சென்டிமீட்டர் வெற்று ஓரம் விட்டு அச்சிட்டு, எந்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.